எடுக்காமல் விட்டது

அந்தப் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் ஒரு நாள் கர்ட்டனம்மாவுக்கு போன் போட்டே ஆக வேண்டும். தாங்கள் சாப்பிடுவதை எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்த அன்றைக்கே போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் அவள் வந்து நிற்பாள். கழுத்தில் டேப், ஒரு தோளில் டிரில்லிங் மெஷின் பை, இன்னொரு தோளில் மடக்கு ஏணி. "ஆள் யாரும் கூட வரலையா?" என்று கேட்பார்கள். "ஏன், என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?" என்பாள்.

ஜன்னலை அளப்பது, துணி வெட்டுவது, கொசுவம் வைத்துத் தைப்பது, சுவரில் துளை போட்டு ராடு மாட்டுவது எல்லாம் அவள் ஒருத்தியே. முன்பு ஏணி வேலை அவள் புருஷனுடையது. அவர் தச்சர். அவர் மேலே நின்று ராடைப் பிடிப்பார். இவள் கீழே நின்று, இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க, போதும், நிறுத்துங்க என்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான் என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். மாரடைப்பில் அவர் போனபோது ஒரு வீட்டு வேலை பாதியில் நின்றிருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்ந்ததும் போய் அதை முடித்துக் கொடுத்தாள். கீழே நின்று சொல்ல ஆள் இல்லை. அதனால் ஏறி மாட்டுவாள், இறங்கி வந்து பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

பிள்ளைகள் இல்லை. உதவிக்கு ஒருத்தியை வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், அவளுக்கு வேலை சொல்வதே எனக்கு இன்னொரு வேலை என்று வாயை அடைத்துவிடுவாள். உண்மை அதுவல்ல. பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவள் தொழிலே ஒரு மாதிரியான தொழில். வெறும் ஜன்னலும் பிரிக்காத அட்டைப்பெட்டியுமாக இருக்கிற அறைக்குள்தான் அவளை விடுவார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். அவள் திரையை மாட்டி, ஓரம் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்து, இரண்டு தரம் இழுத்து மூடித் திறந்துவிட்டுக் கிளம்புவாள். அந்தத் திரைக்குப் பின்னால் அந்த வீடு எப்படி இருக்கிறது, யார் சிரிக்கிறார்கள், யார் சண்டை போடுகிறார்கள், அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஊரிலுள்ள பாதி ஜன்னல்களை அவளுக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்ட வீடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது, பட்டாணி மாதிரி. மற்றவர்கள் மாதிரி பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவில்லை; அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். தைரியசாலி என்பதால் அல்ல. அவள் அக்காவுக்கும் இது வந்திருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடுகிற தூரத்தில்தான் அவளும் இருக்கிறாள். அவளும் புருஷனை இழந்தவள். மகன் வெளிநாட்டில், வாரம் தவறாமல் போன் பண்ணி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசப் போக ஒரு சாக்கு கிடைத்திருக்கும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தே இரண்டு பேரும் தூரமாகிவிட்டார்கள். புருஷன் செத்ததற்கு வந்தவள், கண்புரை ஆபரேஷனுக்கு வந்தவள், குழாய் வெடித்தபோது வந்தவள் என்றுதான் ஒருத்தி இன்னொருத்தியைக் கணக்கு வைத்திருந்தாள்.

அக்கா பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள். மூட்டை மாவைத் தனியாகப் பிசைந்து தள்ளுவாள். பேக்கரி முதலாளியே அவளிடம் கை குலுக்கப் பயப்படுவார். அவளுக்கு நோய் வந்த காலத்தில் டாக்டர் கட்டியை எடுத்ததோடு, அக்குளில் இருந்த முடிச்சுகளையும் வழித்து எடுத்துவிட்டார். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே இனத்து முடிச்சுகள்தான் அக்குளிலும் இருக்கின்றன. நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தார்கள். ஒன்றில்கூட நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு அக்கா சந்தோஷத்தில் அழுதாள்.

கை வீங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் மோதிரம் இறுகியது, அப்புறம் மணிக்கட்டு காணாமல் போனது, அப்புறம் முழங்கைக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கையிலிருந்து வடிய வேண்டிய நீருக்கு வழி அடைபட்டுப் போய்விட்டது என்றார்கள். இறுக்கமான உறை ஒன்றைக் கொடுத்துக் காலம் பூராவும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அக்காவைப் பேக்கரியில் மாவு மேசையிலிருந்து எடுத்துக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். அவள் யாரிடமும் புலம்பவில்லை. "கையைக் குடுத்தேன், உயிரை வாங்கினேன்" என்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதே வார்த்தை, வார்த்தை மாறாமல்.

அக்காவின் சட்டைகளைத் தைப்பது மட்டும் கர்ட்டனம்மா. வீங்கிய வலது கைக்கு ஒரு அளவு, இடது கைக்கு ஒரு அளவு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். இடது தோளில் கூடுதலாகக் கொசுவம் வைத்து ஒப்பேற்றிவிடுவாள். அளவு எடுக்கும்போது அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். போன தடவையைவிடப் பெருத்திருக்கிறதா என்று அவளும் கேட்க மாட்டாள், இவளும் சொல்ல மாட்டாள்.

ஆகவே கட்டி என்றதும் கர்ட்டனம்மாவுக்குச் சாவு நினைவுக்கு வரவில்லை. கைதான் நினைவுக்கு வந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் துளை போடுகிற கை. அது போனால் ஏணி போயிற்று, ஏணி போனால் வெளியே போக ஒரு வீடு கிடையாது. அவளுக்கு வாய்த்த மனித வாசனையே அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான், அதுவும் போய்விடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பேர் துணை. ஒருத்தர் பை பிடிக்க, இன்னொருத்தர் தைரியம் சொல்ல. பக்கத்து நாற்காலியில் கர்ட்டனம்மா தன் கைப்பையை உட்கார வைத்திருந்தாள். யாராவது வந்து, இங்க ஆள் இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகவே பையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா வளவளவென்று பேசாதவள். ஸ்கேனையும் ஊசி போட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, "கட்டி சின்னது, மெதுவா வளர்ற வகை. அதை மட்டும் எடுத்தாப் போதும். அக்குளைத் தொட வேண்டாம்" என்றாள்.

கர்ட்டனம்மாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திக்கென்றது. ஆள் துணையோடு வந்தவர்களுக்கு முழு வைத்தியம், கேட்க நாதியில்லாதவளுக்கு அரை வைத்தியம் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில், கேட்க ஆள் இல்லை என்றால் மேஸ்திரி ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்தவள் அவள்.

"எனக்கு யாரும் இல்லைன்னு விட்டுடறீங்களா டாக்டர்?" என்று கேட்டேவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா அப்படி?"

"எங்க அக்காவுக்கு எல்லாத்தையும் எடுத்தாங்க. அவ இன்னைக்கும் நல்லா இருக்கா."

"கை?"

கர்ட்டனம்மா தன் வலது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்கம்மா" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள் டாக்டரம்மா. "அப்பல்லாம் எல்லாருக்கும் வழிச்சு எடுத்தோம். அப்புறம் முதல்ல இருக்கிற ஒன்னு ரெண்டு முடிச்சை மட்டும் எடுத்துப் பாத்தோம். இப்ப அதுவும் எல்லாருக்கும் வேண்டியதில்லைன்னு தெரிஞ்சிருக்கு. சின்னக் கட்டி, உங்க வகைக் கட்டி, மாதவிலக்கு நின்ன வயசு, ஸ்கேன்ல அக்குள் சுத்தம். இப்படி இருக்கிறவங்கள்ல சில பேருக்கு எடுத்தும் பாத்தாங்க, சில பேருக்கு எடுக்காம விட்டும் பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நல்லா இருக்காங்க. எடுத்துப் பாத்தாலும் உங்களுக்குச் செய்யப்போற வைத்தியம் மாறாது. கதிர்வீச்சு உண்டு, மாத்திரை உண்டு, வருஷா வருஷம் நான் பாக்கிறது உண்டு. அப்புறம் எதுக்கு உங்க கையில கத்தி வைக்கணும்? குறைச்சுச் செய்யலை. தேவையில்லாததைச் செய்யலை, அவ்வளவுதான்."

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கூடவே இன்னொரு கல் ஏறியது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"டாக்டர், எங்க அக்காவுக்கு எடுத்ததெல்லாம் சுத்தம்னு ரிப்போர்ட் வந்தது. அப்படின்னா அவளுக்கு எடுத்தது..."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சுத்தமா இருந்ததுன்னா, எடுத்ததால அவங்களுக்கு லாபம் இருந்திருக்காதும்மா" என்றாள். "ஆனா எடுத்தாத்தான் சுத்தம்னே தெரியும், அன்னைக்கு. அந்த டாக்டர் மேல தப்பு இல்லை. அவருக்குத் தெரிஞ்சதை அவர் செஞ்சார்."

யார் மேலும் தப்பில்லை. அதைக் கேட்டால் ஆறுதலாக இருக்க வேண்டும். யாரையாவது திட்டவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கர்ட்டனம்மா நினைத்தாள்.

அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். அக்கா கதவைத் திறந்தாள். உறையைக் கழற்றிவிட்டுக் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்த நேரம் போலிருக்கிறது. அவசரமாக ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்திருந்தாள். தங்கை சொன்னதையெல்லாம் கேட்டாள். அழவில்லை. தங்கையின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். இந்த வயதிலும் அவளுக்கு இவள் பாப்பாதான்.

"ஒன்னும் ஆகாது பாப்பா. எனக்கு ஆச்சா? அக்குள்ல ஒன்னுவிடாம எடுத்துடுவாங்கல்ல?"

துண்டு நழுவியிருந்தது. தோல் பளபளவென்று நீட்டி இழுத்த மாதிரி இருந்த அந்தக் கை மேசைமேல் கிடந்தது. இத்தனை வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள். அது உயிரின் விலை என்று நினைப்பதால் சுமக்கிறாள். விலை கொடுக்காமலேயே கிடைத்திருக்கும் என்று அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

"எடுத்துடுவாங்கக்கா" என்றாள் கர்ட்டனம்மா. "எல்லாத்தையும்."

"அதான் சரி" என்று அக்கா எழுந்து போய் டீ போட்டாள்.

பொய் என்று ஒன்றைச் சொன்னால் அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு அக்காவைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியில் யாராவது உடைத்துவிடுவார்கள். அதனால் தேதியைச் சொல்லாமல் விட்டாள். ஆனால் துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கர்ட்டனம்மா தன் போனில் இருந்த எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மூன்றாம் மாடி பெரிய ஜன்னல், மஞ்சள் வீடு, ரெட்டை ராடு வீட்டம்மா, பால்கனி சார். எல்லாம் ஜன்னல்கள். கடைசியில் அவளுக்கு ராடு போடுகிற கடைக்காரரைக் கேட்டாள். நல்ல மனிதர். கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

அவர் திருதிருவென்று விழித்தார். "நானா? ராடு சப்ளை பண்றேன்" என்றார்.

தள்ளுவண்டியில் படுத்திருந்த கர்ட்டனம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேஷன் அறைக் கதவு மூடுகிறவரைக்கும் சிரித்தாள். கதவு மூடியதும் அழுகை வந்தது. மயக்க மருந்து கொடுக்கிறவர் பயமா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பயமே இல்லை. என் ஆள் என்று கையெழுத்துப் போட ராடு கடைக்காரர்தான் அகப்பட்டார் என்பதுதான் அழுகை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு போன் போட்டு, எல்லாம் ஆயிற்று, உன்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாள். அக்கா கன்னாபின்னாவென்று திட்டினாள். திட்டி முடித்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். ஒரு தலையணை, ஒரு எண்ணெய்ப் பாட்டில், கையில் தன்னுடைய இத்தனை வருஷத்து அனுபவம்.

"வீங்கறதுக்கு முன்னாடியே புடிச்சுக்கணும் பாப்பா. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. உனக்கு நான் விட மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வந்தாள். தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, விரல் நுனியிலிருந்து தோள்வரைக்கும் மெள்ள மெள்ளத் தடவிக்கொண்டு போவாள். அழுத்த மாட்டாள், தோல் மட்டும் நகர்கிற மாதிரி. அந்தக் கையில ரத்தம் எடுக்க விடாதே, பிரஷர் பாக்கற பட்டையைக் கட்ட விடாதே, குடத்தைத் தூக்காதே, ஏணியைத் தொட்டா கொன்னுடுவேன் என்று பாடம் நடக்கும். சுவரோரம் நிற்க வைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொல்வாள். கர்ட்டனம்மா பாதி ஏறியதும் முகத்தைச் சுளித்து, "வலிக்குதுக்கா" என்பாள். "வலிக்கத்தான் செய்யும், இன்னும் ஒரு விரல்" என்பாள் அக்கா.

இப்படி ஒரு நடிப்பு. அக்கா போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தக் கையாலேயே துணி வெட்டுவாள், மெஷினில் உட்காருவாள். கீறல் ஆறிவிட்டது. கை கல் மாதிரி உறுதியாக இருந்தது. மறுநாள் மத்தியானம் நெருங்கும்போது எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நோயாளியாகி உட்கார்ந்துகொள்வாள்.

வெட்கமாக இருந்தது அவளுக்கு. அதைவிட வெட்கமான விஷயம், மத்தியானம் எப்போது வரும் என்று அவள் காலையிலிருந்தே காத்திருந்தாள். புருஷன் போனபிறகு அவளை யாரும் தொட்டதில்லை. கடைக்காரர்கள் மிச்சச் சில்லறையைக்கூட மேசைமேல் வைப்பார்கள். இப்போது ஒரு மனுஷி தினமும் அவள் கையை மடியில் போட்டுக்கொள்கிறாள். வீங்கிய கை ஒன்று வீங்காத கையைப் பிடித்துவிடுகிறது. சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சொல்லிவிட்டால் நாளைக்கு அக்கா வர மாட்டாள் என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வாள்.

கதிர்வீச்சு ஆரம்பிக்கிற நாள் வந்தது. "நானும் வர்றேன். உன் டாக்டரைப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தால் டாக்டரம்மாவே உடைத்துவிடுவாள் என்று கர்ட்டனம்மாவுக்குத் தெரியும். எப்படித் தடுப்பது என்ற யோசனையிலேயே இருந்தாள். அக்கா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, "வெயில் மூஞ்சியில அடிக்குது, எந்திரிச்சு அதை இழுத்து விடு" என்றாள்.

அவள் எழுந்து திரையை இழுத்தாள். ஒரு வளையம் மேலே சிக்கிக்கொண்டது. சிக்கிய வளையத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. கால் விரலில் எம்பி, வலது கையை நேராகத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுண்டு சுண்டினாள். திரை ஓடிப்போய் மூடிக்கொண்டது. அப்புறம்தான் தன் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"இறக்கு" என்றாள் அக்கா. "யாரும் உன்னை ஜெயில்ல போடப் போறதில்லை."

"அக்கா..."

"மொத நாளே தெரியும் எனக்கு. அக்குள் வரைக்கும் தடவுறேன், அங்க ஒரு தழும்புகூட இல்லை. எனக்கு அந்த இடம் எப்படி இருக்கும்னு தெரியாதா? வலிக்குது வலிக்குதுன்னு மூஞ்சியைச் சுளிக்கிறே. அந்த வலி எங்க இருக்கும்னுகூட உனக்குத் தெரியலை. தப்பான இடத்துல சுளிக்கிறே."

கர்ட்டனம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சும் ஏன் தினமும் வந்தே?"

அக்கா எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உன் வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கு வேற என்ன காரணம் இருக்கு, சொல்லு. சும்மா வந்து நின்னா, என்னக்கா, ஏதாவது ஆயிடுச்சான்னு கேப்பே. கேப்பியா மாட்டியா?"

கேட்டிருப்பாள். அதுதான் உண்மை.

"உனக்கு எதுக்கு விட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "என் மகனைக் கேட்டேன். படிச்சுச் சொன்னான். எனக்கு எடுத்தது வீணான்னு உன்னைக் கேக்கலாம்னு ரொம்ப நாளா வாய் வரைக்கும் வந்தது. கேக்கலை. கேட்டா நீ பொய் சொல்லுவே. நீ சொன்னா நான் நம்பிடுவேன்."

இந்தத் தடவை பொய் சொல்வதில்லை என்று கர்ட்டனம்மா முடிவு செய்தாள். "டாக்டரைக் கேட்டேன்கா. சுத்தமா இருந்ததை எடுத்ததுல லாபம் இல்லைதான்னாங்க. ஆனா எடுக்காம அது தெரியறதுக்கு அன்னைக்கு வழி இல்லையாம். யார் மேலயும் தப்பு இல்லையாம்."

அக்கா தலையாட்டினாள். அழுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா இரண்டும் செய்யாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையை விடு" என்றாள் பிறகு. "அது போனது போச்சு, பழகியாச்சு. வருஷா வருஷம் செக்கப்புக்குப் போவேன்ல. அங்க புதுசா வந்து பயந்துபோய் உக்காந்திருப்பாங்க பாரு, அவங்க பக்கத்துல போய் உக்காருவேன். என் கையைக் காட்டுவேன். டாக்டர் கொஞ்சம் எடுத்தாப் போதும்னு சொன்னாலும் கேக்காதே, ஒன்னுவிடாம எடுக்கச் சொல்லு, என்னைப் பாரு, உயிரோட இருக்கேன்லன்னு சொல்லுவேன். போன வருஷம்கூட ஒருத்திக்குச் சொன்னேன். சின்னப் பொண்ணு. கைப்பிள்ளையை மடியில வெச்சிருந்தா. சரிக்கா, அப்படியே சொல்றேன்னு எழுந்து உள்ளே போனா."

தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ சொல்லியிருப்பாளா பாப்பா? டாக்டரும் அப்படியே எடுத்திருப்பாரா?"

அந்தப் பெண் யாரென்று அக்காவுக்கே தெரியாது. தேடிப் போய்க் கேட்க ஒரு வழியும் இல்லை. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இரண்டு கையும் எண்ணெயாக இருந்ததால் அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. தங்கை தன் முந்தானையாலோ துண்டாலோ அல்ல, கையாலேயே துடைத்துவிட்டாள்.

"கையைக் குடு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? அதுக்கு ஒன்னும் இல்லையே."

"எண்ணெய் ஊத்திட்டேன். குடு."

கர்ட்டனம்மா கொடுத்தாள்.